கைபேசிச் சூது – 6: ‘ஆடினேன்’ என்று புகாரில் எழுதலாமா?

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடை போட்டு, நெல் பணம் கணக்கில் ஏறுகிற நாட்கள் இவை. பயிர்க்கடன், அடகு நகை, பிள்ளையின் ஃபீஸ் எல்லாம் அந்த ஒரு தொகைக்காகக் காத்திருக்கும். ஒரத்தநாடு பக்கத்து விவசாயி ஒருவரை வைத்துக்கொள்வோம். டெலிகிராமில் வந்த லிங்க்கைத் தொட்டு ஐந்நூறு ரூபாய் போட்டார். ஆயிரத்து இருநூறாகத் திரும்பி வந்தது. நம்பிக்கை பிறந்தது. ஐயாயிரம் போட்டார், திரையில் நாற்பதாயிரம். எடுக்கப் போனால், ‘வரி கட்டினால்தான் பணம் வரும்’ என்றார்கள். மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினார். பிறகு ‘கணக்கைத் திறக்கக் கட்டணம்’ என்றார்கள். அதையும் கட்டினார்.

வரி கேட்ட அந்த இடம்தான் வழக்கின் உயிர். ஆன்லைன் விளையாட்டில் ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வரி உண்டு. ஆனால் அதை நடத்துகிறவரே பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும் என்பதுதான் 2023 ஏப்ரல் முதல் உள்ள விதி. ஜெயித்தவரை முதலில் கட்டச் சொன்னால் அது சுத்தமான மோசடி. பாரதிய நியாய சன்ஹிதா 318(4)இன்படி ஏழு ஆண்டு வரை சிறை உண்டு.

ஆனாலும் பலர் காவல் நிலையப் படி ஏறுவதில்லை. ‘நீயும் ஆடினாய்தானே?’ என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். அது வீண் பயமும் இல்லை. கடன்பட்டுத் தற்கொலைகள் தொடர்ந்த பிறகு, நீதிபதி கே.சந்துரு குழுவின் அறிக்கையை ஒட்டி வந்த தமிழ்நாட்டுச் சட்டம், ஆன்லைன் சூதாட்டம் ஆடியவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. நடத்துகிறவருக்கு மூன்றாண்டு, பத்து லட்சம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுகளையும் தடை செய்தது. ஆனால் ஆடியவரை அது குற்றவாளியாக்கவில்லை.

அதனால் உண்மையை எழுதுங்கள் என்பதே என் உறுதியான எண்ணம். ‘எனக்குத் தெரியாமல் பணம் போய்விட்டது’ என்று எழுதினால், நீங்களே ரகசிய எண் போட்டு அனுப்பியதை வங்கிப் பதிவு காட்டிக்கொடுக்கும், புகாரே பொய்யாகிவிடும். யார் அழைத்தார், என்ன சொன்னார், எந்தத் தேதியில் எந்தக் கணக்குக்கு எவ்வளவு போனது என்று வரிசையாக எழுதுங்கள். தயக்கம் இருந்தால் தஞ்சாவூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வழக்கறிஞரிடம் முதலில் பேசலாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் அங்கே உதவி இலவசம். சங்கிலியை இழந்த மனைவியும் போகலாம். தொலைபேசி 15100.

ஆனால் அதற்கும் முன்னால், பணம் போனது தெரிந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். சென்னை மாகாணத்தில் சூதாட்டச் சட்டம் வந்த ஆண்டும் 1930தான்; எண் மறக்காது. பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் வங்கிகள் அதைப் பிடித்து நிறுத்த இந்த அழைப்புதான் வழி. இரண்டு நாள் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. ஆத்திரத்தில் ஆப்பை அழித்துவிடாதீர்கள், உரையாடல்தான் சாட்சி.

நிறுத்தி வைத்த பணம் தானாக வீடு வராது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 503ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டுக் கேட்கலாம். பரிவர்த்தனை எண், பாஸ்புக் பக்கம், 1930 தந்த புகார் எண் மூன்றும் மனுவோடு இருக்கட்டும். கேட்க முடிவது கையிலிருந்து போன பணத்தை மட்டுமே. திரையில் மின்னிய நாற்பதாயிரத்தைக் கேட்க வழியில்லை. பந்தயத்தில் ஜெயித்ததைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவே சொல்லிவிட்டது.

அப்படிப் போன பணம் சில சமயம் கமிஷனுக்கு ஆசைப்பட்டுக் கணக்கை இரவல் கொடுத்த இன்னொரு விவசாயியின் பாஸ்புக்கில்தான் போய் விழுகிறது. அவர் கணக்கு முடக்கப்பட்டால், அதில் கிடக்கும் நெல் பணம் என்ன ஆகும்? அடுத்த வாரம் பார்ப்போம்.