மேகத்துக்குள் இறங்க ஒரு பக்கம்

மழைமேகத்துக்குள் இறங்கும் விமானத்தின் முன்கண்ணாடியில் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியாது. அந்த நேரத்தில் விமானிகளுக்குத் துணை, எதிரே உள்ள கருவிகளும் ‘அப்ரோச் சார்ட்’ என்கிற ஒரு பக்கமும்தான். முன்பு தாளாக இருந்தது; இப்போது பெரும்பாலும் ஐபேடில் இருக்கிறது.

அமெரிக்கத் தபால் விமானி எல்ரி ஜெப்பசன், தான் பறந்த வழியில் இருந்த தடைகளின் உயரங்களையும் இறங்குதளங்களின் விவரங்களையும் ஒரு சிறிய நோட்டில் குறித்துவந்தார். சக விமானிகள் கேட்டுக் கேட்டு, 1934-ல் அதையே விற்கத் தொடங்கினார். இன்றைய சார்ட்டுகளுக்கு மூத்தது அந்த நோட்டு.

சார்ட்டின் மேற்பகுதியில் வானொலி அலைவரிசையும் ஓடுபாதையின் திசையும் இருக்கும். நடுவில் வானிலிருந்து பார்த்தாற்போன்ற வழித்தடம். அதன் கீழே பக்கவாட்டுப் படம்: எத்தனை மைல் தொலைவில் எத்தனை அடிக்குக் கீழே போகக் கூடாது என்பது அதில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால், சார்ட்டின் உயிர் இந்தப் படம்தான்.

அதற்குச் சாட்சி ஒரு விபத்து. மலை சூழ்ந்த காட்மாண்டுவில் 1992-ல் தெற்கிலிருந்து படிப்படியாகத்தான் இறங்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 28 அன்று பாகிஸ்தான் இன்டர்நேஷனல் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ300 ஒவ்வொரு முறையும் ஒரு படி முந்தியே இறங்கியது. உயரங்களெல்லாம் சார்ட்டில் உள்ளவைதான். அவற்றுக்குரிய தொலைவுதான் பிசகிவிட்டது. மலையில் மோதி 167 பேரும் இறந்தார்கள். விசாரணை அறிக்கை விமானிகளின் பிசகோடு, அந்த வழியின் சிக்கலையும் சார்ட்டையும் சேர்த்தே சுட்டிக்காட்டியது.

அதனால்தான் இறங்கத் தொடங்கும் முன்பே சார்ட்டில் உள்ளதை ஒரு விமானி வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் சரிபார்க்கிறார். 28 நாள் சுழற்சியில் திருத்தங்கள் வருவதால், கையில் இருப்பது நடப்புப் பதிப்புதானா என்பதும் முக்கியம்.

கடைசியாக ‘மினிமம்ஸ்’, அதாவது இறங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய உயரம். ஐ.எல்.எஸ். என்கிற, தரையிலிருந்து வரும் வானொலிக் கற்றைகள் வழிகாட்டும் இறக்கத்தின் முதல் வகையில் அது பெரும்பாலும் தரைக்கு மேல் 200 அடி. அங்கே ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணில் படாவிட்டால் ‘கோ-அரவுண்ட்’. உடனே மேலே ஏற வேண்டும். எந்தப் பக்கம் திரும்புவது, எந்த உயரம் வரை ஏறுவது என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. விமானம் சட்டென்று மேலேறினால் பயணிகள் பதறிப்போகிறார்கள். விமானிகளோ முன்பே பேசி வைத்துக்கொண்டதைத்தான் செய்கிறார்கள்.