இமயமலை ஏன் நம்ம பக்கமா வளைஞ்சிருக்கு? (ஒரு திருத்தத்தோட)

இன்னைக்கு ஒரு திருத்தத்தோட ஆரம்பிக்கிறேன். போன எபிசோடில், "ஜமுக்காளத்தைக் கையால தள்ளினா மடிப்பு விழும். இந்தியத் தட்டு ஆசியாவைத் தள்ளினதும் அப்படித்தான் இமயமலை எழுந்தது"ன்னு சொல்லியிருந்தேன். ஒரு நேயர் மெயில் போட்டார்: "வீட்டுல தள்ளிப் பார்த்தேன். மடிப்பு கையை விட்டு விலகி, முன்பக்கமா வளையுது. மேப்ல இமயமலை நம்ம பக்கமாத்தானே வளைஞ்சிருக்கு?"

நானும் தள்ளிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. என் உவமையில மலை எழும், ஆனா வளைவு தலைகீழா வரும்.

சரி, மேப்பைத் திறந்து பாருங்க. மேற்கே நங்க பர்பத், கிழக்கே நம்சா பர்வா. நடுவுல சுமார் 2400 கி.மீ. நீள மலைத்தொடர், ரெண்டு முனையில கட்டின கொடிக்கயிறு மாதிரி தெற்கே தொய்ஞ்சிருக்கு. ரெண்டு முனையிலயும் மலை வெடுக்குனு திரும்புது. அங்கேதான் சிந்து நதி நங்க பர்பத்தையும், பிரம்மபுத்திரா நம்சா பர்வாவையும் சுத்திக்கிட்டு தெற்கே இறங்குது. இந்த ரெண்டும் இந்தியத் தட்டு ஆசியாவுக்குள்ள குத்தி நுழைஞ்ச மூலைகள். நடுவுல இருக்கிற வளைவு எவ்வளவு துல்லியம்னா, 2001-ல் ரெபெக்கா பெண்டிக், ரோஜர் பில்ஹம் ரெண்டு பேரும் அளந்து, சுமார் 1700 கி.மீ. ஆரமுள்ள வட்டத்தோட அது அழகாப் பொருந்துதுன்னு காட்டினாங்க.

பிங்பாங் பந்து

இதுக்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. 1968-ல் சார்லஸ் ஃபிராங்க் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் கேட்டது: பிங்பாங் பந்தைக் கட்டைவிரலால அமுக்கினா என்ன ஆகும்? குழியோட விளிம்பு வட்டமா இருக்கும். ஏன்னா ஓடு வளையும், ஆனா நீளாது. பூமியோட தட்டும் உருண்டை ஓடுதானே. அது கீழே மடங்குற இடமும் வளைவாத்தான் வரணும். ஜப்பான், அலூஷியன் மாதிரி தீவு வளைவுகளுக்காகச் சொன்னது இது. வளைவோட திசையும் சரியா வருது: கீழே போற தட்டைப் பார்த்து வளையும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விளக்கம். ஆனா இன்ஜினியர் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்துடணும். பூமியில 1 டிகிரி சுமார் 111 கி.மீ. அப்போ 1700 கி.மீ. ஆரம்னா கிட்டத்தட்ட 15 டிகிரி. ஃபிராங்க் விதிப்படி தட்டு அதைப் போல ரெண்டு மடங்கு, அதாவது 30 டிகிரி சாய்வுல இறங்கணும். ஆனா இமயமலைக்கு அடியில இந்தியா ரொம்பப் படுக்கையா, பெரும்பாலும் 10 டிகிரிக்கும் குறைவாத்தான் நுழையுது. அதனால பந்து மட்டும் போதாது.

தோசை மாவு

பாக்கி பதில் திபெத்தில இருக்கு. அங்கே பூமியோட மேலோடு சுமார் 70 கி.மீ. தடிமன், சாதாரணமா இருக்கிறதைப் போல ரெண்டு மடங்கு. சராசரி உயரம் சுமார் 5000 மீட்டர். அவ்வளவு உயரத்துல குவிஞ்ச பாறை, தன் எடையாலேயே வெளியே பரவப் பார்க்கும். கல்லுல ஊத்தின மாவு பரவும்போது முன்விளிம்பு வளைவாத்தானே வரும்? ரெண்டு மூலையும் பிடிச்சு வெச்சிருக்க, நடுப்பகுதி தெற்கே அதிகமா ஏறி வருது.

இதுக்கு சாட்சி உண்டா? உண்டு. இந்தியா வடக்கு-வடகிழக்கா நகருது. ஆனா நிலநடுக்கங்கள்ல மலை இந்தியா மேல ஏறும் திசை எல்லா இடத்திலும் ஒண்ணா இல்லை. காஷ்மீர், ஹிமாச்சல் பக்கம் தென்மேற்கு, நேபாளத்தில தெற்கு, கிழக்கே போகப் போகக் கொஞ்சம் தென்கிழக்கு. எங்கேயும் வளைவுக்குச் செங்குத்தா, விசிறி விரியற மாதிரி. விசிறி விரிஞ்சா மடிப்புகளுக்கு நடுவுல இடைவெளி வரணுமே? அதுவும் இருக்கு. தெற்கு திபெத் கிழக்கு-மேற்கா இழுபட்டு, வடக்கு-தெற்கா பள்ளங்கள் விழுந்திருக்கு. நேபாளத்தோட முஸ்தாங்கில காளி கண்டகி ஓடுற பள்ளம் அதுல ஒண்ணு. மோதல் நடக்கிற இடத்திலேயே நிலம் கிழியுது!

இந்த ரெண்டு காரணத்துல எதுக்கு எவ்வளவு பங்குன்னு ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறாங்க.

ஏன் முக்கியம்?

இந்த வளைவு நெடுக வருஷத்துக்கு சுமார் 2 செ.மீ. நகர்வு சேருது. தினமும் நழுவினா பிரச்சினை இல்லை. ஆனா அது பூட்டிக்கிட்டு நிக்குது. 100 வருஷத்துல 2 மீட்டர் கடன். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில 7.8 அளவு நிலநடுக்கம் வந்தப்போ, வளைவுல ஒரு சின்னத் துண்டுதான் அந்தக் கடனைக் கட்டிச்சு. அதுக்கே சுமார் 9000 பேர் போயிட்டாங்க. எந்தத் துண்டு எந்தத் திசையில நழுவும்னு தெரிஞ்சாத்தான், கீழே இருக்கிற ஊர்களுக்கு ஆபத்தைக் கணக்கிட முடியும்.

நான் இப்போ உட்கார்ந்து பேசுற சென்னையும் அதே தட்டு மேலதான் இருக்கு. நாமும்தான் தள்ளிக்கிட்டு இருக்கோம்.

ஜமுக்காள உவமையை வாபஸ் வாங்கிட்டேன். மெயில் போட்ட நேயருக்கு நன்றி. நான் சொல்றதை நம்பிட்டு விட்டுடாதீங்க, வீட்டுல செஞ்சு பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.