நம் வாசலுக்கு வந்த புயல்



இடைநிலைப்பள்ளியில் புவியியல் போதித்த காலத்தில் மாணவர்களுக்கு நான் ஓர் உறுதிமொழி கொடுத்து வந்தேன்: "பிலிப்பீன்ஸுக்குப் புயல் வரும், வங்கக் கடலுக்கும் வரும், நமக்கு வராது." 27.12.2001 அன்று அந்த உறுதிமொழி பொய்த்தது. 'வாமெய்' என்னும் புயல், சிங்கப்பூருக்கு வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், ஜொகூரின் தென்கிழக்குக் கரையைக் கடந்தது. ஜொகூரும் பகாங்கும் வெள்ளத்தில் தவித்தன. வெள்ளத்தாலும் நிலச்சரிவாலும் ஐவர் உயிரிழந்தனர்.

நான் சொன்னதில் பிழை எங்கே?

காற்றை முதலில் நகர்த்துவது அழுத்த வேறுபாடு. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று ஓடும். ஓடும் காற்றைப் பூமியின் சுழற்சி பக்கவாட்டில் திருப்புகிறது. வடபாதியில் வலப்புறம், தென்பாதியில் இடப்புறம். இதனைப் பிரெஞ்சு அறிஞர் ஒருவரின் பெயரால் கோரியோலிஸ் விசை என்பர். துருவத்தில் முழுமையாக உள்ள இவ்விசை, 30 பாகையில் பாதியாகி, நிலநடுக்கோட்டில் அறவே இல்லாமற்போகிறது. வாமெய் உருவான 1.5 பாகையில், துருவத்தில் உள்ளதில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குதான் இருக்கும். திருப்பும் விசை இல்லையேல் காற்று நேரே பாய்ந்து தாழ்வழுத்தத்தை நிரப்பிவிடும், புயல் உருவாகாது. இதைத்தான் நான் போதித்தேன்.

நான் சொல்லாமல் விட்டது கோண உந்த அழிவின்மை விதி. சிறுவயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். இருவர் கைகோத்துச் சுற்றும்போது, கைகளை மடக்கி நெருங்கினால் வேகம் கூடும். அங்கே சுழற்சி புதிதாகப் பிறப்பதில்லை; இருந்த சுழற்சியே குறுகிய வட்டத்துக்குள் விரைவாகிறது. அந்த முதல் சுழற்சியைப் பூமிதான் தர வேண்டும் என்பதில்லை. காற்றிடமே இருந்தாலும் போதும்.

அந்த மார்கழியில் அது இருந்தது. வடகிழக்குப் பருவக்காற்று ஒரு வாரத்துக்கும் மேலாகத் தென்சீனக் கடலில் வலுவாக வீசியது. போர்னியோ ஓரமாக வழக்கமாய்த் தோன்றும் காற்றுச்சுழல் ஒன்று, போர்னியோவுக்கும் தீபகற்பத்துக்கும் இடைப்பட்ட குறுகிய கடலுக்கு நகர்ந்து வந்தது. அதன் மேற்குப் பக்கத்தைப் பருவக்காற்று உந்தித் தள்ள, சுழற்சி வலுத்தது. வெதுவெதுப்பான கடலின் ஈரக்காற்று மேலே எழ, சுற்றியிருந்த காற்று உள்நோக்கி இழுபட்டது. தட்டாமாலை வேகம் கொண்டது.

ஆகவே விதி பொய்க்கவில்லை, அன்பர்களே. பாதியை மட்டும் சொன்ன ஆசிரியர்தான் பிழை செய்தார். "அரிது" என்று சொல்ல வேண்டியதை "வராது" என்று சொல்லிவிட்டேன். ஆண்டு இறுதிப் பருவக்காற்றுக் காலத்தில் குடும்பத்தோடு கிழக்குக் கரைக்குப் பயணம் செல்வோரும் கடலில் இறங்குவோரும், வானிலை அறிவிப்பைக் கேட்டறிந்த பின்னரே புறப்படுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.