உழவு இயந்திரப் பெட்டியின் பாரமும் ரயர்த் தேய்வும்

அறுவடைக் காலத்தில் களத்திலிருந்து ஆலைக்கு நெல் கொண்டுசெல்லும் கமக்காரர், உழவு இயந்திரப் பெட்டியின் பாரத்தை மூடைக் கணக்கிலேயே மதிப்பிடுவது வழக்கம். இடமுள்ளவரை ஏற்றலாம் என்ற எண்ணமும் பலரிடம் உண்டு. ஆனால், அப்பாரத்தைத் தாங்குவது ரயர்களுள் அடைக்கப்பட்ட காற்றேயாகும்.

ரயரின் பக்கச் சுவரில், அளவுக்கு அடுத்து, பாரச் சுட்டெண் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அது 100 எனின், அந்த ரயர் தாங்கக்கூடியது 800 கிலோகிராம். அத்தகைய இரு ரயர்கள் பூட்டிய பெட்டிக்கு 1600 கிலோகிராமே எல்லை. பெட்டியின் சொந்த நிறையும் இதனுள் அடங்கும் என்பதையே பலர் மறந்துவிடுகின்றனர். பெட்டி 500 கிலோகிராம் எனின், நெல்லுக்கு எஞ்சுவது 1100. புசலொன்று ஏறத்தாழ 21 கிலோகிராம் ஆதலால், அது 52 புசல் மாத்திரமே.

ஈர நெல் இக்கணக்கையும் பிழையாக்கிவிடும். நூற்றுக்கு 14 பங்கு ஈரத்துக்கு உலர்ந்து 1000 கிலோகிராம் நிற்கும் நெல், 22 பங்கு ஈரத்துடன் அறுவடையானபோது ஏறத்தாழ 1100 கிலோகிராம் இருந்திருக்கும். மூடைகளின் எண்ணிக்கை ஒன்றே, பாரமோ வேறு. மழையில் நனைந்த நெல்லைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

பாரத்துக்கேற்ற காற்று இல்லாத ரயர் பக்கங்களில் நெளிந்து சூடேறும். அதன் இரு ஓரங்களும் விரைவில் தேயும். உள்ளிருக்கும் நார்ப்படைகள் பிரிந்து, ஈற்றில் வெடிக்கவும் கூடும். காற்று மிகுந்தால் நடுப்பகுதி தேயும். ஆகவே, தேய்ந்த இடத்தைப் பார்த்தே குறையை அறியலாம். காற்றமுக்கத்தைப் பயணத்துக்கு முன், ரயர் குளிர்ந்திருக்கும்போது அளத்தல் வேண்டும். வழியில் சூடேறி அமுக்கம் உயர்ந்ததைக் கண்டு காற்றைத் திறந்துவிடுதல் தவறு. மிகைப் பாரத்துக்கு மிகைக் காற்று அடித்தால் போதும் என்பதும் வீண் நம்பிக்கையே. சுவரில் குறித்த உச்ச அமுக்கத்தை எக்காரணத்தாலும் தாண்டலாகாது.

மூடைகளை அடுக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. ஓர் அச்சுள்ள பெட்டியில் பின்பக்கம் பாரம் மிகுந்தால், கொளுக்கி மேலெழும்ப முயன்று இயந்திரத்தின் பின்சில்லுகளின் பிடியைக் குறைக்கும். அவை சறுக்கிச் சுழன்று தேயும். முன்பக்கம் மிகுந்தால் பின்சில்லுகள் அமுங்க, முன்சில்லுகள் இலேசாகித் திருப்புதல் கடினமாகும். ஒடுங்கிய குளக்கட்டில் இதுவே பெட்டியும் இயந்திரமும் கவிழ ஏதுவாகலாம். தடை பூட்டாத பெட்டியெனின், அது பின்னிருந்து தள்ளும் ஆதலால், இறக்கம் தொடங்குமுன்பே கீழ்க் கியருக்கு மாற்றி மெதுவாக இறங்குதல் வேண்டும்.