பொருளின் பெயரும் கதிரின் கணக்கும்

தோலைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்வோர் நிறைந்த மண் நம்முடையது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும், ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலையும் குரோம் உப்பில் பதனிட்ட தோலையும் ஒன்றாகக் கருதிக் கணக்கெழுதுவார் எவருமிலர். இரண்டும் தோலே, உள்ளடங்கிய பொருள் வேறு. இவ்வெளிய உண்மை காமாக் கதிர் நிறமாலைக் கணிப்புக்கும் அடிப்படையாக அமைவதை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

மண்ணிலும் பாறையிலும் கலந்துள்ள கதிரியக்கப் பொருள்கள் தத்தமக்குரிய ஆற்றலுடன் காமாக் கதிர்களை வெளியிடுகின்றன. கருவி அவற்றை ஆற்றல்வாரியாக எண்ணுகிறது. ஆயினும் மாதிரிப் பொருளே தன்னுள் பிறந்த கதிர்களில் ஒரு பகுதியை உட்கவர்ந்துவிடுகிறது. அவ்விழப்பை ஈடுசெய்யக் கணிப்பொறி மென்பொருளுக்கு இரு செய்திகள் வேண்டும். ஒன்று, பொருளில் எந்தத் தனிமம் எவ்வளவு உள்ளது என்பது; மற்றொன்று, அதன் அடர்த்தி.

சீசியம்-137 தரும் 661.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிருக்கு நிறை உட்கவர் குணகம், கிராமுக்குச் சதுர சென்டிமீட்டர் கணக்கில், நீரில் ஏறத்தாழ 0.086, ஈயத்தில் 0.11. வேறுபாடு சிறிதே. ஆற்றல் 60 ஆகக் குறையும்போதோ நீரில் 0.21, ஈயத்தில் 5.0 என இருபது மடங்குக்கும் மேலாக விரிந்துவிடுகிறது. உயர் ஆற்றலில் அடர்த்தியைச் சரியாக அறிந்தால் பெரும்பாலும் போதும்; தாழ் ஆற்றலில் தனிமக் கலவையையும் அறிந்தே ஆக வேண்டும்.

இதன் இன்றியமையாமையைக் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி நன்கு உணர்த்தும். அக்கடற்கரை மணலில் தோரியம் செறிந்த மோனசைட் உள்ளதை 1909ஆம் ஆண்டில் செர்மானிய வேதியியலாளர் சோம்பர்க் கண்டறிந்தார். சாதாரண மணலின் பெரும்பகுதி சிலிக்கா. அதன் தனிமங்கள் இலேசானவை. மோனசைட்டிலோ சீரியம், லாந்தனம், தோரியம் ஆகிய கனத்த தனிமங்கள் உள்ளன. மோனசைட் செறிந்த மாதிரிக்கு "மணல்" என்ற பொதுப்பெயரில் சிலிக்காவின் தரவை இட்டுவிட்டால், ஈயம்-210 தரும் 46.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் போன்ற தாழ் ஆற்றல் கதிர்களின் இழப்பு குறைவாகவே மதிக்கப்படும். கதிரியக்கமும் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டப்படும். அக்கரையில் வாழும் மக்களுக்கு அது பொய்யான ஆறுதலாய் முடியும். இழப்பை மிகுத்து மதித்தாலோ வீண் அச்சம் விளையும்.

ஆதலின் தரவைப் பேணுவதற்குச் சில நெறிகள் உள. பெயரோடு தனிமங்களின் நிறை விழுக்காட்டையும், தரவு பெற்ற மூலத்தையும், நாளையும் பதிய வேண்டும். அடர்த்தியைத் தனியே குறிக்க வேண்டும். ஈர மணலும் உலர்ந்த மணலும், தளர நிரப்பியதும் இறுக நிரப்பியதும் வேறு வேறு. பழைய பதிவை அழித்து எழுதாமல், திருத்தியதைப் புதிய பெயரில் சேர்க்க வேண்டும். தோரியத்தின் உட்கவர்தல் 109.65 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் திடீரெனத் தாவி உயர்கிறது. அத்தகைய விளிம்பின் இருபுறத்து எண்களையும் ஒரே கோட்டால் இணைத்து இடைமதிப்புக் காணலாகாது. இறுதியாக ஒரு சோதனை உண்டு. தாலியம்-208 தரும் 583, 2614 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர்கள் இரண்டும், எல்லாத் திருத்தங்களும் செய்தபின், ஒரே விடையைத் தர வேண்டும். தராவிடில் பொருள் தரவை மீண்டும் நோக்குவதே முறை.

பொருள்களின் அடர்த்தியை அளந்து அட்டவணையிடும் பணி மிகப் பழைமையானது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்-காஸினி தம் 'மீஸானுல் ஹிக்மா' என்னும் நூலில் உலோகங்களுக்கும் மணிகளுக்கும் நீர்மங்களுக்கும் ஒப்படர்த்தி வகுத்துத் தந்தார். அன்று துலாக்கோல், இன்று கணிப்பொறி. கருவி எதுவாயினும், தட்டில் வைத்த பொருள் இன்னதென அறியாதவன் நிறுத்த கணக்கு நேராகாது. இயற்பியலும் கணிப்பொறியியலும் பயிலும் நம் மாணவச் செல்வங்கள், திரையில் தோன்றும் விடையை ஏற்குமுன் உள்ளே இட்ட பொருளின் விவரத்தைக் கேட்டறியும் வழக்கத்தைக் கைக்கொள்வார்களாக.