மலைச்சரிவில் மண்டியா

நம் சங்கத்து நண்பர்களில் பெரும்பாலோர் சென்ற டிசம்பர் விடுமுறைக்கு ரயிலேறிச் சென்னைப் பக்கம் போய்விட்டனர். நானோ உடன் பயிலும் ஒடியா நண்பர் ஒருவரின் அழைப்பை ஏற்றுப் புவனேசுவரத்திலிருந்து கோராபுட் மலைப்பகுதிக்குச் சென்றிருந்தேன். அங்கே முதலில் கண்ணில் பட்டது களத்தில் காய்ந்த கேழ்வரகு. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் களி தின்று வளர்ந்தவனுக்கு அது புதுமையா? ஒடியா மொழியில் இதற்கு மண்டியா என்று பெயர். (கன்னட நாட்டு ஊர்ப்பெயர் என்று மயங்க வேண்டாம்!) மலைமக்கள் அதன் கூழைச் சுரைக்குடுக்கையில் ஊற்றிக் காட்டுக்கும் வயலுக்கும் எடுத்துச் செல்கிறார்கள்.

ஓரிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடியானவனுடைய துன்பத்தை 'விளைச்சல் போதவில்லை' என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி உண்மைதான். அறுவடை முடிந்த கையோடு, விலை தாழ்ந்திருக்கும் நேரத்தில் அவன் தானியத்தை விற்கிறான். ஆடியில் வாங்கிய கடனுக்குத் தையில் தானியம் அளக்க வேண்டும் அல்லவா? பிறகு மழைக்காலத்தில் குதிர் காலியானதும், அதே தானியத்தை ஏறிய விலைக்கு வாங்குகிறான். விற்கும்போதும் நட்டம், வாங்கும்போதும் நட்டம். ஆகவே பசியும் வருமானமும் தனித்தனிக் கேள்விகள் அல்ல.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் ஒடிசா அரசாங்கம் 2017-ஆம் ஆண்டில் சிறுதானிய இயக்கத்தைத் தொடங்கிற்று. முதலில் 7 மாவட்டங்களில் 30 ஒன்றியங்கள். பின்னர் மாநிலம் முழுவதும் பரவிற்று.

முதலில் பயிர்முறையைச் சொல்கிறேன். மலைச்சரிவில் கேழ்வரகைக் கையால் வீசி விதைப்பதே பழைய வழக்கம். செடிகள் நெருங்கி முளைத்து ஒன்றையொன்று அடக்கிவிடும். களையெடுக்கக் கால் வைக்க இடமிராது. புதிய முறையில் நாற்றங்கால் விட்டு, 15 முதல் 20 நாள் வரை வளர்ந்த இளநாற்றை ஒவ்வொன்றாக, ஏறத்தாழ 10 அங்குல இடைவெளியில் வரிசையாக நடுகிறார்கள். வேர் பரவ இடம் கிடைக்கிறது. தூர் நன்றாகக் கட்டுகிறது. வரிசைக்கு நடுவே களைக்கருவியை உருட்டலாம். விதையும் மிச்சம். 'எங்கள் ஊர் நடவுக் கேழ்வரகுதானே இது!' என்று நான் சற்றுப் பெருமையாகச் சொல்ல, 'செங்குத்தான சரிவில் நட்டுக் காட்டு' என்றார் நண்பர். அவர் சொன்னது நியாயமே. நடவுக்கு ஆட்கூலி கூடும். சரிவு மிகுந்த நிலங்களில் இன்றும் கைவிதைப்புத்தான்.

விளைந்தால் மட்டும் போதுமா? கேழ்வரகுக்கு மத்திய அரசாங்கத்தின் ஆதரவு விலை ஏட்டில் இருந்தது. ஒடிசாவில் அந்த விலைக்கு வாங்குவார் இல்லை. 2018-19 பருவத்தில்தான் பழங்குடியினர் வளர்ச்சிக் கூட்டுறவு நிறுவனம் கொள்முதல் நிலையங்களைத் திறந்தது. அந்த ஆண்டு விலை குவிண்டாலுக்கு 2,897 ரூபாய்; முந்திய ஆண்டில் அது 1,900. முதல் பருவத்தில் வாங்கியது சுமார் 18 ஆயிரம் குவிண்டால். மூன்று ஆண்டுகள் கழித்து, 2021-22-இல், 3 லட்சம் குவிண்டாலைத் தாண்டிற்று. 2025-26 பருவத்துக்கு விலை 4,886 ரூபாய். கல்லும் மண்ணும் கலந்த தானியத்தை நிலையத்தில் ஏற்கமாட்டார்கள். மண்களத்தில் அடித்த கேழ்வரகில் கல் இல்லாமல் இருக்குமா? ஆகவே மகளிர் குழுக்களிடம் துப்புரவு இயந்திரங்களைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண்களுக்கு அதில் கூலியும் கிடைக்கிறது.

எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. நல்ல விலை வந்துவிட்டால் வீட்டுக் குதிரில் இருப்பதையும் வழித்து விற்றுவிடமாட்டார்களா? பணம் வந்து கூழ் போய்விட்டால் என்ன லாபம்? 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. வாங்கிய தானியத்தில் ஒரு பகுதி ரேஷன் கடைகளுக்கே திரும்பி வந்ததும், கேந்துஜார் மாவட்டத்து அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு 2020-இல் கேழ்வரகு லட்டு கொடுக்கத் தொடங்கியதும் இந்த ஐயத்துக்கு ஓரளவு விடை. நம் தமிழ்நாட்டிலும் 2023-இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கினார்கள். நம் விடுதிச் சமையற்காரர் மட்டும் இன்னும் அசைந்து கொடுக்கவில்லை!

ஆனால் ஓர் உறுத்தல் என்னை விடவில்லை. நாங்கள் தங்கிய வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். அவர் பயிரிடும் சரிவுக்குப் பட்டா இல்லை, கணவரும் இல்லை. கொள்முதல் நிலையத்தில் பெயரைப் பதியப் போனபோது நிலத்தின் விவரம் கேட்டார்களாம். ஆகவே அவருடைய மூட்டை வாரச்சந்தை வியாபாரிக்கே போகிறது, அவன் சொன்ன விலைக்கு. வனத்தில் பயிரிடுவோருக்கு நில உரிமை தரும் சட்டம் 2006-இல் வந்தது. அவருடைய மனு இன்னும் மேசையில் இருக்கிறதாம். விதையை நட்டுக் காட்ட ஆள் வருகிறார், தானியத்தை வாங்க நிலையம் இருக்கிறது; நடுவே ஒரு காகிதம் இல்லாமல் இரண்டுக்கும் அப்பால் நிற்கிறார் அவர்.

'பாட்டி, எல்லாவற்றையும் விற்றுவிடுவீர்களா?' என்று நண்பர் மூலம் கேட்டேன். அவர் வீட்டின் உட்புறம் கைகாட்டினார். சாணம் மெழுகிய மூங்கில் குதிர் ஒன்று, வாய்வரை நிறைந்திருந்தது. மழை நிற்கும் வரைக்கும் அதைத் தொடமாட்டாராம். சந்தைக்குப் போகும் மூட்டை திண்ணையில் தனியே கிடந்தது.