நீலம் வந்த இரு வழிகள்

இலத்தீன் மொழியில் நீலத்தைக் குறிக்க ‘கேருலியுஸ்’ என்றொரு சொல் இருந்தது. எனினும் அதன் வழிவந்த மொழிகள் அதனைப் பொதுவழக்கில் பேணவில்லை. இரு திசைகளில் கடன் பெற்றன.

வடதிசைச் சொல் ஜெர்மானியம். ஜெர்மனில் ‘ப்ளௌ’ என வழங்கும் அதனைப் பிராங்கு இனத்தார் பிரெஞ்சுக்கு அளித்தனர். ஆங்கிலமும் ஜெர்மானியக் கிளையே. அதே வேரில் பிறந்த சொல் பழைய ஆங்கிலத்தில் இருந்தும், 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், பிரெஞ்சு வழியாகவே ‘ப்ளூ’ அங்கு நிலைபெற்றது. வடபுலத்துப் பழைய நோர்ஸ் மொழியில் இச்சொல் கருமையையும் தழுவி நின்றது. ஆப்பிரிக்கரை அம்மக்கள் ‘நீல மனிதர்’ என்றே அழைத்தனர்.

மற்றது கீழ்த்திசைச் சொல். ஆப்கானிஸ்தானத்துப் பதக்‌ஷான் மலைகளில் அகழப்படும் நீலக்கல்லைப் பாரசீகர் ‘லாஜ்வர்த்’ என்றனர். அரபு மொழியில் அது ‘லாஸவர்த்’ ஆயிற்று. ஐரோப்பியர் முதலிலுள்ள லகரத்தைத் தம் மொழியின் சுட்டுச்சொல்லாகக் கருதி விலக்கினர். ஸ்பானியரின் ‘அசூல்’, இத்தாலியரின் ‘அட்ஸூர்ரோ’ ஆகியவை இவ்வாறு பிறந்தன.

இவ்விரு வழிகளும் இத்தாலிய மொழியில் சந்திக்கின்றன. அங்கு அடர்நீலம் ‘ப்ளூ’, வான்நீலம் ‘அட்ஸூர்ரோ’. முன்னது பிரெஞ்சு வழியே வந்த ஜெர்மானியக் கடன். பின்னது அரபுக் கடன். தூய மொழி பற்றிப் பெருமை பேசுவோர் சற்றே சிந்திக்கட்டும்: அன்றாடம் அண்ணாந்து காணும் வானத்தின் நிறத்திற்கும் அயலாரின் சொல்லே பெயராக அமைந்திருக்கிறது.